இரத்தம் ஏற்றிய இரவில் விழுந்த பிளேட்லெட்: திருகோணமலைப் பின்னணியில் ஒரு நிகழ்வு ஆய்வு

மார்கழி மழைக்காலத்தில் திருகோணமலையில் ஏதாவது ஒரு வார்ட்டில் பிளேட்லெட் எண்ணிக்கை 9,000 என்று ரிப்போர்ட் வந்தால், அதைக் கையில் வாங்குகிற எவருக்கும் முதலில் வாயில் வருவது டெங்குதான். அதில் பிழை சொல்ல முடியாது. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது, ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியாவும் அதை அண்டிய ஊர்களும் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பிளேட்லெட் என்ற சொல்லையே பல குடும்பங்கள் அந்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டன.

இங்கே எழுதப்போவது டெங்கு அல்லாத ஒரு வீழ்ச்சியைப் பற்றி. ஏற்றிய குருதியோடு வந்த பிறபொருளெதிரி (அந்நியமானதைத் தாக்க உடல் செய்யும் புரதம்), குருதி பெற்றவரின் குருதிச் சிறுதட்டுகளை, அதாவது இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளை, சில மணி நேரத்துக்குள் அழித்துவிடுவது. மருத்துவத்தில் பாசிவ் அலோஇம்யூன் துரொம்போசைற்றோபீனியா என்பார்கள். அரிதானது. ஆனால் அரிதாக வருகிறதா, அரிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறதா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டும். இதில் வரும் நோயாளியோ கொடையாளியோ குறிப்பிட்ட ஒரு நபர் அல்லர். மருத்துவ இலக்கியத்தில் பதிவான இத்தகைய நிகழ்வுகள் எந்தப் போக்கில் போகின்றனவோ அதை அடியாக வைத்து, இந்த மாவட்டத்து வார்ட் ஒன்றில் நடந்தால் எப்படி இருக்கும் என்று, பயிற்சி வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் சொல்லிக் கொடுப்பதற்காகச் சேர்த்துக் கட்டிய நிகழ்வு இது. எண்களும் அப்படியே.

நோயாளியும் முதல் இரவும்

52 வயது, 62 கிலோ எடை, கடற்றொழில் செய்பவர். நிலாவெளி வீதியில் மழைக்குள் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது தொடை எலும்பு முறிந்தது. நீரிழிவு இல்லை, ஈரல் நோய் இல்லை, ஒழுங்காக எடுக்கும் மருந்து எதுவும் இல்லை. வாழ்க்கையில் இதற்கு முன் இரத்தம் ஏற்றியதும் இல்லை, ஹெப்பரின் ஊசி போட்டதும் இல்லை. இந்த இரண்டு ‘இல்லை’களும் பின்னால் முக்கியமாகின்றன.

வார்ட்டில் சேர்ந்த அன்று பிளேட்லெட் 251,000. காலில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் வகை மருந்தான எனொக்சபரின் 40 மில்லிகிராம் வீதம் இரண்டு நாள் போடப்பட்டது. மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை. அன்று காலை பிளேட்லெட் 246,000. எலும்புக்குள் கம்பி செலுத்தும்போது எதிர்பார்த்ததைவிட இரத்தம் கூடுதலாகப் போய்விட்டது. முடிந்தவுடன் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.9. இரண்டு பை செங்குழியமும், காயம் கசிகிறது என்பதற்காக இரண்டு பை எஃப்.எஃப்.பி.யும், அதாவது உறைய வைத்த பிளாஸ்மாவும், ஏற்றப்பட்டன. கடைசிப் பை முடிந்தபோது இரவு ஏழரை மணி.

அந்த பிளாஸ்மா தேவைதானா? குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.1, அதாவது இயல்பு. உறைதல் காரணிகள் குறைந்திருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. கசிவுக்குக் காரணம் வெட்டுக்காயம்; பிளாஸ்மா அதை அடைக்காது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பிளாஸ்மா கேட்கும் பழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு. அதை நான் சும்மா விடப்போவதில்லை, ஏனென்றால் இந்த நிகழ்வின் வேர் அந்தப் பையில்தான் இருந்தது.

இரவு பதினொரு மணிக்கு மனைவி தாதியிடம் வந்தார். “மிஸ், இவர்ட முரசில இருந்து ரத்தம் வருது. கையிலயும் சிவப்புச் சிவப்பாப் புள்ளி போட்டிருக்கு.” பிரஷர் பட்டி கட்டிய இடத்துக்குக் கீழே கை முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள். காயத்தில் வைத்த துணி நனைந்து இரண்டாம் முறை மாற்ற வேண்டியதாயிற்று. காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு 92, பிரஷர் 124/78. சிறுநீர் தெளிவு.

ஒரு மணிக்கு வந்த ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 8.4, வெண்குழியம் 9,200, பிளேட்லெட் 9,000.

டெங்கு என்று ஏன் நிற்க முடியவில்லை

பக்கத்துக் கட்டில்களில் நுளம்பு வலைக்குள் டெங்கு நோயாளிகள் படுத்திருக்கும் காலம் அது. உறவினர்கள் விடியும் முன்பே பப்பாசி இலைச் சாற்றோடு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பதற்றம் நியாயமானது. ஆனால் டெங்குவில் பிளேட்லெட் இப்படி விழாது. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கத் தொடங்கி, காய்ச்சல் தணிகிற வேளையில் அடிமட்டத்துக்கு வரும். கூடவே வெண்குழியம் குறையும். பிளாஸ்மா கசிந்தால் குருதி தடித்து, அதில் செங்குழியத்தின் பங்கைக் காட்டும் ஹீமற்றோகிறிற் ஏறும். இவருக்குக் காய்ச்சலே இல்லை, வெண்குழியம் குறையவில்லை, காலையில் 246,000 ஆக இருந்தது நள்ளிரவில் 9,000. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையும் எதிர்மறை. ஏற்றிய குருதி வழியாக டெங்கு வைரஸ் வந்திருக்குமோ என்று ஒரு பயிற்சி வைத்தியர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படித் தொற்றுவது சாத்தியமே என்றாலும் வைரஸ் பெருகி நோயாக வெளிவர நாட்கள் வேண்டும். நாலைந்து மணி நேரம் போதாது.

முதலில் செய்ய வேண்டியது எண்ணிக்கை உண்மையா என்று பார்ப்பது. குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. என்ற பொருள் உள்ள வழக்கமான குழாயில் சிலருக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். சிற்றேற் குழாயில் மறுபடி எடுத்தார்கள், கண்ணாடித் தட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கட்டிகள் இல்லை. உண்மையாகவே பிளேட்லெட் இல்லை. உடைந்த செங்குழியத் துண்டுகளும் இல்லை.

நீர்த்துப்போனதால் குறைந்திருக்குமா? பெருமளவு இரத்தம் இழந்து பத்துப் பதினைந்து பை ஏற்றினால் நீர்த்துப்போவது உண்டு. நாலு பையில் 246,000 ஒன்பதாயிரம் ஆகாது. டி.ஐ.சி., அதாவது உடல் முழுக்கக் குருதி உறைந்து உறைதல் காரணிகள் தீர்ந்துபோகும் நிலை, என்றால் உறைதல் பரிசோதனைகள் குலைந்திருக்க வேண்டும், பி.ரி., ஏ.பி.ரி.ரி., ஃபைப்ரினோஜன் மூன்றும் ஒழுங்காக இருந்தன. பையில் கிருமி வளர்ந்திருந்தால் நடுக்கமும் காய்ச்சலும் பிரஷர் வீழ்ச்சியும் முன்னுக்கு நிற்கும். இனம் மாறிய குருதி ஏற்றப்பட்டிருந்தால் செங்குழியம் சிதைந்திருக்கும். செங்குழியத்தில் பிறபொருளெதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை எதிர்மறை, ஹீமோகுளோபினும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறியிருந்தது.

ஹெப்பரினில் சற்று நிற்க வேண்டும். எலும்பு வார்ட்டில் பிளேட்லெட் விழுந்தால் ஹெப்பரினைச் சந்தேகிப்பது சரியான பழக்கம். ஆனால் ஹெப்பரினால் வரும் வீழ்ச்சி வழக்கமாக மருந்து தொடங்கி 5 முதல் 10 நாளில் வரும். முந்தைய சில மாதங்களுக்குள் ஹெப்பரின் எடுத்தவருக்கே உடனே வரும். விழுந்தாலும் பெரும்பாலும் பாதியளவுக்குத்தான். 20,000க்குக் கீழே போவது அபூர்வம். அதில் இரத்தம் ஒழுகுவதைவிட உறைவதே ஆபத்து. இவருக்கு நாளும் பொருந்தவில்லை, அளவும் பொருந்தவில்லை, குணமும் பொருந்தவில்லை. இரத்தம் ஒழுகுகிற வேளையில் எனொக்சபரினை நிறுத்தியது வேறு விஷயம், அது அவசியம்.

மிஞ்சியது அந்த நாலு பைகள்.

இரண்டு நோய்கள், ஒரே அடையாளம்

குருதி ஏற்றிய பின் பிளேட்லெட் விழுவது என்றவுடன் படித்தவர்களுக்கு நினைவு வருவது போஸ்ட் ட்ரான்ஸ்ஃபியூஷன் பர்ப்பியூரா. 1961 இல் ஷூல்மனும் அவருடைய சகாக்களும் விரிவாக எழுதிய நோய். அதில் பிறபொருளெதிரியை உண்டாக்குவது குருதி பெற்றவரின் உடல். முன்னொரு கர்ப்பத்தாலோ குருதி ஏற்றத்தாலோ ஏற்கனவே பழகிப்போன உடல், மறுபடி அந்த அந்நிய அடையாளத்தைக் கண்டதும் கிளர்ந்தெழும். அதனால் குருதி ஏற்றி 5 முதல் 12 நாள் கழித்தே பிளேட்லெட் விழும். பெரும்பாலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு. தேற வாரக் கணக்காகும். விசித்திரம் என்னவென்றால் அந்தக் கிளர்ச்சியில் தன்னுடைய சொந்தப் பிளேட்லெட்டுகளும் அழிந்துபோகும்.

நம் நோயாளியின் கதை இதற்கு நேர் எதிர். அவர் உடல் எதையும் உண்டாக்கவில்லை. உண்டாக்க நேரமும் இருக்கவில்லை. செய்து முடித்த பிறபொருளெதிரி வேறொருவரின் உடலிலிருந்து பையில் ஏறி வந்தது. அதனால்தான் மணிக்கணக்கில் வீழ்ச்சி, அதனால்தான் நாட்கணக்கில் தேற்றம். நேரத்தைப் பார்த்தாலே இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆய்வகம் அதை உறுதிப்படுத்த மட்டும் வேண்டும்.

இரண்டிலும் அடிக்கடி குற்றவாளியாகும் அடையாளம் ஒன்றே: எச்.பி.ஏ.-1ஏ. பிளேட்லெட்டின் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரதம் மூன்று-ஏ என்ற புரதத்தில் 33 ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் 1ஏ, புரோலின் இருந்தால் 1பி. 1989 இல்தான் இந்த ஒற்றை எழுத்து மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியரில் ஏறக்குறைய 98 சதவீதத்தினரிடம் 1ஏ இருக்கிறது. இல்லாதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். ஆசியர்களில் இல்லாதவர்கள் இன்னும் குறைவு, கிழக்காசியாவில் மிகமிகக் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதாகாது.

1ஏ இல்லாத ஒரு பெண், 1ஏ உள்ள கணவரின் பிள்ளையைச் சுமக்கிறாள். பிள்ளையின் பிளேட்லெட்டில் தந்தை வழி வந்த 1ஏ இருக்கிறது. தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு பிறபொருளெதிரி செய்கிறது. அது அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாது, ஏனென்றால் அவளுடைய பிளேட்லெட்டில் தாக்குவதற்கு 1ஏ இல்லை. அவள் நலமாக இருப்பாள், ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், இரத்ததான முகாமில் எல்லாக் கேள்விகளுக்கும் சரியான பதில் சொல்வாள். அவளுடைய பிளாஸ்மாவை 1ஏ உள்ள ஒருவருக்கு ஏற்றும் வரை அந்தப் பிறபொருளெதிரி இருப்பது யாருக்கும் தெரியாது.

எவ்வளவு பிறபொருளெதிரி வேண்டும்?

வார்ட்டில் இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது: ஒரு பைக்குள் இருப்பது ஒருவரின் முழுப் பிளேட்லெட்டையும் அழிக்கப் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5 லீற்றர் குருதியில் மைக்ரோலீற்றருக்கு 250,000 வீதம் என்றால் சுற்றில் உள்ள பிளேட்லெட்டுகள் சுமார் ஒன்றேகால் இலட்சம் கோடி. ஒவ்வொன்றின் மேலும் இந்தப் புரதம் பல பத்தாயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை. ஒரு பிளேட்லெட்டுக்குப் பத்தாயிரம் பிறபொருளெதிரி மூலக்கூறு ஒட்டினாலே மண்ணீரல் அதை வடித்தெடுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிறபொருளெதிரியின் வகையான ஐ.ஜி.ஜி. மூலக்கூறின் எடையைக் கொண்டு பெருக்கினால் வருவது மூன்று மில்லிகிராமுக்கும் சற்றுக் கூட. ஒரு பை பிளாஸ்மா ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். அதில் மொத்த ஐ.ஜி.ஜி. இரண்டரை கிராம் அளவில் இருக்கும். ஆக, பையிலுள்ள ஐ.ஜி.ஜி.யில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு எச்.பி.ஏ.-1ஏ மீது குறிவைத்ததாக இருந்தால் போதும். வலுவான பிறபொருளெதிரி உள்ள ஒரு தாயின் பிளாஸ்மாவில் அது நடக்கக்கூடியதே.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சேர்க்கைத் திரவத்தில் வைத்த செங்குழியப் பையில் மிஞ்சியிருக்கும் பிளாஸ்மா சில பத்து மில்லிலீற்றர் மட்டுமே. அதனாலும் இப்படி நடந்ததாகப் பதிவுகள் உண்டு, ஆனால் நாலு பையில் எதை முதலில் சந்தேகிப்பது என்றால் பிளாஸ்மாப் பைகளைத்தான்.

பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மாவில் எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் சாதாரணமாகக் காணப்படும். அவை ஏன் தினமும் இந்த வேலையைச் செய்வதில்லை? எச்.எல்.ஏ. அடையாளம் பிளேட்லெட்டில் மட்டுமல்ல, உடலின் பெரும்பாலான உயிரணுக்களிலும் இருக்கிறது. பிளாஸ்மாவில் கரைந்தும் இருக்கிறது. வந்த பிறபொருளெதிரி எங்கும் பரவி நீர்த்துப்போகும். எச்.பி.ஏ.-1ஏ-யோ முக்கியமாகப் பிளேட்லெட்டிலேயே குவிந்திருப்பது. ஏறிய அத்தனையும் அங்கேதான் போய் இறங்கும்.

அந்த இரவில் செய்ய வேண்டியது

இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்: குருதி ஏற்றி ஒரு நாளுக்குள் பிளேட்லெட் அடியோடு விழுந்தால், சிகிச்சை தொடங்குகிற அதே நேரத்தில் குருதி வங்கிக்குத் தொலைபேசி எடுங்கள். விடியட்டும் என்று வைக்காதீர்கள். விடை நோயாளியின் உடலில் மட்டும் இல்லை. அதே கொடையாளியின் இன்னொரு பை யாரோ ஒருவருக்காக உருகிக்கொண்டிருக்கலாம்.

நம் நிகழ்வில் இரவுப் பணியிலிருந்த வைத்தியர் ஒன்றரை மணிக்கு அந்த அழைப்பை எடுத்தார். நாலு பைகளின் இலக்கங்களையும் சொன்னார். வெறும் பைகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது தாதியரின் நல்ல பழக்கம். அதிலிருந்த மிச்சத் துளிகளும் பிறகு பரிசோதனைக்கு உதவின. நோயாளியிடமிருந்து சிகிச்சைக்கு முன்னதாகவே குருதி மாதிரி எடுத்து வைக்கப்பட்டது. ஐ.வி.ஐ.ஜி., அதாவது பல கொடையாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து நாளத்தில் ஏற்றும் ஐ.ஜி.ஜி., ஏற்றிய பிறகு எடுத்தால் ஆயிரக்கணக்கானோரின் ஐ.ஜி.ஜி. கலந்துவிடும், பரிசோதனை குழம்பும்.

சிகிச்சையில் மர்மம் எதுவும் இல்லை, ஆனால் ஏமாற்றம் உண்டு. ஒரு பெரியவருக்கான அளவு பிளேட்லெட் ஏற்றினால் வழக்கமாக 30,000 அளவிலாவது ஏற வேண்டும். இவருக்கு ஒரு மணி நேரம் கழித்து 14,000. ஏற்றிய பிளேட்லெட்டும் 1ஏ உள்ளதுதான். மிச்சமிருந்த பிறபொருளெதிரி அதையும் பிடித்துக்கொண்டது. 1ஏ இல்லாத பிளேட்லெட் கிடைத்தால் உத்தமம். நடுச்சாமத்தில், நம் சூழலில் அதைத் தேடுவது வீண். இரத்தம் ஒழுகும்போது கிடைக்கிற பிளேட்லெட்டை ஏற்றத்தான் வேண்டும். முழுவதும் வீணும் அல்ல, ஏனென்றால் ஏற்றிய ஒவ்வொரு பிளேட்லெட்டும் கொஞ்சம் பிறபொருளெதிரியைத் தன்னோடு கொண்டு போய்விடுகிறது. அப்புறம் ஐ.வி.ஐ.ஜி., கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் 60 கிராம். இந்த நோய்க்கென்று பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது. தனித்தனி நிகழ்வுகளின் அனுபவமும், ஒத்த நோய்களில் கண்ட பலனுமே ஆதாரம். விலை கூடிய மருந்து. மூளைக்குள் இரத்தம் கசியலாம் என்ற 9,000 நிலையில், அதுவும் புதிதாகச் சத்திரசிகிச்சை செய்த ஒருவருக்கு, நான் தயங்கமாட்டேன்.

தலைவலி, மயக்கம், பேச்சுக் குழறல் இருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். தசையில் ஊசி போடவில்லை. வலிக்கு டைக்குளோஃபினாக் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு பரசிற்றமோல் கொடுத்தார்கள். அஸ்பிரின் வகை வலிநிவாரணிகள் மிச்சமிருக்கும் பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது.

மறுநாள் மாலை 27,000. மூன்றாம் நாள் 61,000. முரசுக் கசிவு நின்றது, புதிய புள்ளிகள் இல்லை. ஐந்தாம் நாள் 128,000. ஒரு வாரத்தில் 210,000. ஐ.ஜி.ஜி.யின் அரைவாழ்வு மூன்று வாரமளவு என்று படித்தவர்களுக்கு இது இடறலாம். இங்கே பிறபொருளெதிரி சுற்றில் மிதந்துகொண்டு இருக்கவில்லை. அது ஒட்டிய பிளேட்லெட்டோடு சேர்ந்து அழிந்துபோனது. புதிதாகச் செய்ய இவர் உடலுக்குத் தெரியாது. எலும்பு மச்சையோ நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதுப் பிளேட்லெட் செய்துகொண்டே இருக்கிறது. கையிருப்பு தீர்ந்த பிறபொருளெதிரிக்கு முன்னால் அது வென்றுவிடும்.

பப்பாசிச் சாறு கொண்டு வந்த மைத்துனர், எண்ணிக்கை ஏறியது அதனால்தான் என்று நம்பியிருப்பார். அவரோடு வாதாட வேண்டியதில்லை. அடுத்த முறை குருதி ஏற்றியபின் இப்படி யாருக்காவது புள்ளி போட்டால் சாறு பிழியும் முன் தாதியிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டால் போதும்.

கொடையாளி

நாலு பை, நாலு கொடையாளிகள். மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணுடையது பிளாஸ்மாப் பைகளில் ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பாடசாலை முகாமில் கொடுத்த குருதியிலிருந்து பிரித்தது. 38 வயது, ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய். அதற்கு முன்பும் கொடுத்திருக்கிறார். முந்தைய கொடையின் பிளாஸ்மா ஒன்று உறைகுளிரூட்டியில் இன்னும் இருந்தது! பூச்சியம் கீழ் 18 பாகைக்கும் குறைவான குளிரில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால் இது நடக்கும். அன்றிரவே அது ஒதுக்கி வைக்கப்பட்டது. அந்த ஒரு தொலைபேசி அழைப்பால் காப்பாற்றப்பட்டது இன்னொருவர். அவர் யார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்று மாதத்துக்கு முந்தைய கொடையின் செங்குழியம் எப்போதோ வேறொருவருக்கு ஏறிவிட்டது. அவருடைய பதிவைத் தேடிப் பார்த்தால் குருதி ஏற்றிய பிறகு ஹீமோகுளோபின் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, பிளேட்லெட் எண்ணிக்கை எழுதப்படவில்லை. தொடக்கத்தில் நான் சொன்ன கேள்வி இங்கேதான் எழுகிறது. 250,000 இலிருந்து 80,000க்கு விழுந்து, புள்ளி எதுவும் போடாமல், நாலு நாளில் ஏறிவிட்ட ஒருவரை யார் கவனித்திருப்பார்கள்? பார்க்காத எண்ணிக்கை பதிவாகாது. எண்ணிக்கை தெரிந்தாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்குக் கிருமித்தொற்றால் விழுந்தது என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

ஆசிரியையின் மாதிரி சிறப்பு ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. மைபா என்ற முறை 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எந்தப் புரதத்தின் மீது பிறபொருளெதிரி ஒட்டுகிறது என்று தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கும். வலுவான எச்.பி.ஏ.-1ஏ பிறபொருளெதிரி இருந்தது. மரபணு வகை: கொடையாளி 1பி/1பி, நோயாளி 1ஏ/1ஏ. பையின் மிச்சத்திலும் அதே பிறபொருளெதிரி. மற்ற மூவரிடமும் ஒன்றும் இல்லை.

ஆசிரியையை அழைத்துப் பேசுவதுதான் இந்த நிகழ்வின் மிகக் கவனமான பகுதி என்று நான் நினைக்கிறேன். இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் காசு வாங்காமல் மனமுவந்து கொடுப்பவர்களிடமிருந்தே வருகிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை, பாடசாலை என்று எங்கெல்லாமோ முகாம் நடந்து, வரிசையில் நின்று கொடுத்தவர்களின் குருதி. அப்படிக் கொடுத்த ஒருவரிடம், உங்கள் குருதியால் ஒருவருக்கு இப்படி ஆனது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

“அப்ப நான் குடுத்த ரத்தத்தாலயா டொக்டர் அவருக்கு இப்பிடி ஆனது?”

“ரீச்சர், உங்களில ஒரு பிழையும் இல்லை. அவர் இப்ப நல்லா இருக்கிறார். உங்கட ரத்தத்தில இப்பிடி ஒண்டு இருக்கெண்டு முதலே கண்டுபிடிக்கிற சோதனை முகாமில இல்லை. இப்ப தெரிஞ்சது உங்களுக்கும் நல்லது. பிள்ளைகள் பிறக்கேக்க யாருக்காவது உடம்பில புள்ளி, கண்டல் இருந்ததா?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொல்வது: இரண்டாவது மகனுக்கு. பிறந்து முதல் நாளே முகத்திலும் நெஞ்சிலும் சிவப்புப் புள்ளிகள். கிருமித்தொற்று என்று ஒரு வாரம் ஊசி போட்டார்கள். பிறகு சரியாகிவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு அப்படி எதையும் யாரும் கவனித்ததாக நினைவில்லை.

ஒரே பிறபொருளெதிரி, இரண்டு நோயாளிகள். ஒருவருக்குக் குருதிப் பை வழியாகப் போனது, மற்றவருக்குத் தொப்புள் கொடி வழியாக. சிசுவுக்கு வருவதைப் பிறந்த குழந்தையின் அலோஇம்யூன் பிளேட்லெட் குறைவு என்பார்கள். ஐரோப்பியக் கணக்கில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் பிறப்புக்கு ஒன்று. தாய்க்கும் சிசுவுக்கும் ஆர்.எச். குருதி வகை பொருந்தாத பிரச்சினையில் போல முதல் பிள்ளை தப்பிவிடும் என்று இதில் சொல்ல முடியாது. மிக மோசமான விளைவு, வயிற்றிலிருக்கும்போதே சிசுவின் மூளைக்குள் இரத்தம் கசிவது. அந்த மகன் தப்பினான்.

ஆசிரியைக்குத் தெரிய வேண்டியவை பல. இனி அவர் குருதி கொடுக்க வேண்டாம். இன்னொரு பிள்ளை உண்டானால் முதல் மாதங்களிலேயே மகப்பேற்று நிபுணரிடம் இதைச் சொல்ல வேண்டும். அவருக்கே என்றாவது குருதி தேவைப்பட்டால், 1ஏ உள்ள சாதாரணக் குருதியால் மேலே சொன்ன போஸ்ட் ட்ரான்ஸ்ஃபியூஷன் பர்ப்பியூரா வரும் ஆபத்து அவருக்கு உண்டு. ஆகவே ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்திருப்பது நல்லது. உடன்பிறந்த சகோதரிகள் இருந்தால் ஒவ்வொருவரும் 1பி/1பி ஆக இருக்க நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் தங்கைக்கு இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

ஏன் முன்கூட்டியே பிடிக்கவில்லை

குருதி வங்கியில் பொருத்தம் பார்ப்பது செங்குழியத்துக்கு. கொடையாளியின் குருதியில் எச்.ஐ.வி., ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பார்க்கிறார்கள். பிளேட்லெட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி வழக்கமான பரிசோதனையில் இல்லை. எல்லாக் கொடையாளிக்கும் செய்யச் சொல்லி நான் கேட்கமாட்டேன். இவ்வளவு அரிதான ஒன்றுக்கு அந்தச் செலவை நியாயப்படுத்துவது கடினம்.

ஆனால் வேறொரு வழி இருக்கிறது. குருதி ஏற்றியபின் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் ட்ராலி என்ற ஆபத்துக்கும் பெரும்பாலும் காரணம் பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மாவிலுள்ள பிறபொருளெதிரிகளே. அதைக் குறைக்க ஐக்கிய இராச்சியம் 2003 இன் இறுதியில் இருந்து முடிந்தவரை ஆண்களின் குருதியிலிருந்தே எஃப்.எஃப்.பி. செய்யத் தொடங்கியது, ட்ராலி குறைந்தது. அதே ஏற்பாடு இந்த நோயையும் தடுக்கும். பெண்கள் குருதி கொடுக்கக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த வரியை யாரும் வெட்டியெடுத்து அப்படிப் பரப்பிவிடக்கூடாது என்பதால் திரும்பச் சொல்கிறேன்: பெண்களின் செங்குழியம் நோயாளிகளுக்குத் தேவை, அது இல்லாமல் வங்கி நடக்காது. எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

அதைவிட எளிதானது வார்ட்டிலேயே இருக்கிறது. ஐ.என்.ஆர். 1.1 உள்ளவருக்குப் பிளாஸ்மா கேட்காமல் இருப்பது.

வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியின் டயக்னோசிஸ் கார்ட்டில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். முதல் இரவின் சந்தேகத்தில் யாரோ ‘ஹெப்பரின் ஒவ்வாது’ என்று பெட்ஹெட் டிக்கெட்டின் மேலே சிவப்பில் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே விட்டால், நாளை நெஞ்சு வலியோடு வருகிறவருக்குத் தேவையான மருந்து மறுக்கப்படும். அதை வெட்டிக் கையொப்பம் வைத்து, கார்ட்டில் எழுதியது இது: ‘எஃப்.எஃப்.பி. ஏற்றிய பின் கொடையாளியின் எச்.பி.ஏ.-1ஏ பிறபொருளெதிரியால் தற்காலிகப் பிளேட்லெட் வீழ்ச்சி, முழுமையாகத் தேறினார். நோயாளிக்குச் சொந்தமாகப் பிறபொருளெதிரி இல்லை. எதிர்காலத்தில் குருதியோ பிளேட்லெட்டோ ஏற்றுவதற்கு விசேட நிபந்தனை தேவையில்லை. ஹெப்பரின் தடையில்லை. குருதி வங்கிக்கு அறிவிக்கப்பட்டது.’